காற்றுக்குழாய் துப்புரவுக்கு ஆள் பிடித்த கதை

நான் கடைத்தூள் பாவிப்பதில்லை. கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் சொல்கிறேன். ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடைத்தெருவில் செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கி வந்து, வறுத்து, அரைத்து, கறித்தூளை நானே செய்வேன். நகரின் ஓரத்தில், ரொம்மனில், இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்த காலத்திலிருந்து அதை வறுப்பது பல்கனியில்தான். மின்னடுப்பை வெளியே தூக்கி வைத்து, மாரிக்கோட்டும் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு, பனி கொட்டக் கொட்ட மிளகாய் கிண்டியிருக்கிறேன். உள்ளே வறுத்தால் நெடி அயலுக்குப் போகும், சனம் கதைக்கும் என்று என் கணவருக்குப் பயம். அவருக்காகத்தான் அந்தக் குளிர்.

அப்படியிருந்தும் முறைப்பாடு வந்தது. மாடிப்படியில் எப்போதும் சாப்பாட்டு மணம் அடிக்கிறதாம். எங்கள் கட்டடத்தைக் குடியிருப்பாளர்களே தெரிவுசெய்த ஒரு நிர்வாகக் குழு நடத்துகிறது. அதில் நானும் ஓர் உறுப்பினர், ஒரே தமிழ் ஆள். தலைவர் நல்ல மனிதர், மிகவும் மரியாதையானவர். அந்த மரியாதை குறையாமல் குழுக் கூட்டத்தில் ஒரு புதிய வீட்டு விதியை முன்வைத்தார்: வீட்டுக்குள்ளும் பல்கனியிலும் கடுமையான வாசனைப் பொருட்களை வறுக்கவோ பொரிக்கவோ கூடாது. அடுத்து வரும் வருடாந்தக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, அறையிலிருந்த எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

எனக்கு மண்டை கொதித்தது. நான் நோர்வேக்கு வந்து முதலில் வேலை செய்தது வடகோடியிலுள்ள ஹம்மர்பெஸ்டில், மீன் தொழிற்சாலையில். ஊர் முழுக்க மீன் நாறும். பேருந்து நாறும், வங்கி நாறும், நாங்களும் நாறுவோம். அதற்காக ஒருவரும் கூட்டம் போட்டதில்லை. இதை அப்படியே சொன்னேன். அங்கே பழகிய வடக்குப் பேச்சு கோபத்தில் இன்னும் தடித்து வரும். ஒஸ்லோக்காரர் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

"சமையலைத் தடுப்பதற்கு முதல் காற்றுக்குழாய்களைத் திறந்து பாருங்கள். இந்தக் கட்டடத்தில் அவற்றை யாராவது துப்புரவு செய்த ஞாபகம் உண்டா?" என்று கேட்டேன்.

ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. "அப்படியென்றால் ஆளை நீங்களே தெரிவுசெய்யுங்கள்" என்றார் தலைவர். வாயைக் கொடுத்து வேலையை வாங்கிக்கொண்டேன். என் குசினி எனக்கா, விதிக்கா என்பது இனி நான் கூட்டிவரும் ஆளின் கையில்.

முதலில் வந்தவர் கணினியோடு வந்தார். கதவில் நின்றபடியே மூக்கை உறிஞ்சினார். "இந்த மாதிரிச் சாப்பாடென்றால் குழாய் கெதியில் அடைக்கும். வருடாவருடம் துப்புரவு செய்யவேண்டும்" என்றார். பிறகு குசினிக்குள் வந்து நின்று, கரி பிடித்த குழாய், பூஞ்சணம் பிடித்த குழாய் என்று படம் படமாகக் காட்டினார்.

"இது எங்கள் கட்டடமா?"

"இல்லை, ஓர் உதாரணம்."

என் வீட்டுக் காற்றுத்துளை அவருடைய தலைக்கு மேலேதான் இருந்தது. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நான் தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பிய விருந்தாளி அவர் ஒருவர்தான்.

இரண்டாமவர் வரவே இல்லை. தொலைபேசியிலேயே எல்லாம் சொன்னார்: காலையில் வருவோம், மதியத்துக்குள் கட்டடம் முழுவதும் முடிந்துவிடும், கூரைக்கு ஏறத் தேவையில்லை. நான் மீனோடு மாரடித்தவள். செவுளைத் தூக்கிப் பார்க்க விடாதவனிடம் மீன் வாங்கமாட்டேன். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

மூன்றாவதாக வந்தவள் ஓர் இளம் நோர்வேப் பெண். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கூரைக் கதவுப் பூட்டின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டாள். என்ன செலவாகும் என்றேன். "பார்க்காமல் எப்படிச் சொல்வது?" என்றாள். அந்த ஒரு பதிலிலேயே அவளைத் தெரிவுசெய்துவிட்டேன். மேலே போய், கூரையில் காற்றை இழுக்கும் பெரிய விசிறி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு இறங்கி வந்து, குசினிக் கடதாசியில் ஒரு துண்டு கேட்டாள். அதை என் காற்றுத்துளையில் வைத்துக் கையை எடுத்தாள். துளை இழுத்தால் கடதாசி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கடதாசி என் சட்டிக்குள் விழுந்தது.

கதிரையில் ஏறி மூடியைக் கழற்றி, உள்ளே கைவிட்டு இழுத்தாள். எண்ணெய் ஊறிக் கறுத்த துணி ஒன்று வெளியே வந்தது. நீலக் கட்டம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கொடியில் காணாமல் போய்விட்டதென்று நான் தேடித் தேடிக் களைத்த, என் கணவர் இடுப்பில் கட்டும் சாரம்.

"இந்த வழி அடைத்திருந்தால் மணம் கதவுக்குக் கீழால் மாடிப்படிக்குத்தான் போகும்" என்றாள் அந்தப் பெண். அவள் சிரிக்காததற்கு இன்றைக்கும் நன்றி.

என் கணவர் பேருந்து ஓட்டுகிறவர். அன்று வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் சாரத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"இதென்ன?"

குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். "மேல்வீட்டு மனிசி ஒருநாள் படியிலை என்னைக் கண்டு மூக்கைப் பொத்தினவ. நீர் நண்டுக்கறி வைச்ச நாள். மேலை வாசம் போகக்கூடாதெண்டு அடைச்சனான்."

"உங்களுக்கென்ன விசரே? மேலை போகாமல் படி முழுக்கப் போயிருக்கு!"

"கத்தாதையும். ஒருத்தருக்கும் சொல்லாதையும். மானம் போயிடும்."

சொல்வதில்லை என்று ஒத்துக்கொண்டேன். கோபம் ஒருபக்கம். மறுபக்கம், என் சமையல் மணத்துக்காக இந்த மனிதன் இவ்வளவு காலம் ஒளித்து ஒளித்து வெட்கப்பட்டிருக்கிறாரே என்று நெஞ்சு வலித்தது. அந்தப் பெண் வீடு வீடாக ஏறி இறங்கி, குழாய்களைத் தூரிகை விட்டுத் துப்புரவாக்கினாள்.

வருடாந்தக் கூட்டத்தில் நான் எழுந்து அறிக்கை சொன்னேன். குழாய்கள் சுத்தம், விசிறி நலம், சில வீடுகளில் காற்றுத்துளை அடைக்கப்பட்டிருந்தது, அதனால்தான் படியில் மணம். எந்த வீடு என்று சொல்லவில்லை. பின்வரிசையில் ஒருவர் விடவில்லை. "யாருடைய வீடு? தெரியாமல் எப்படி வாக்களிப்பது?"

சொல்வதில்லை என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். என் பக்கத்தில் கதிரை அசைந்தது.

என் கணவர் எழுந்து நின்றார். பயணிகளுக்கு வணக்கமும் நன்றியும் சொல்வதைத் தவிர, நாலு பேருக்கு முன்னால் நோர்வேஜிய மொழியில் வாய் திறக்காத மனிதர். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"எங்கள் வீடு. துணி என்னுடையது. என் மனைவிக்குத் தெரியாது. அவள் சமைக்கும் மணம் உங்களுக்கு வரக்கூடாது என்று நான் வெட்கப்பட்டு அடைத்தேன்." நிறுத்தி மூச்சு எடுத்தார். "அவள் நன்றாகச் சமைப்பாள். நான் வெட்கப்பட்டது பிழை. இனி அடைக்கமாட்டேன்."

உட்கார்ந்துவிட்டார். பிறகு மேல்வீட்டுப் பெண்மணி, மூக்கைப் பொத்திய அதே ஆள், மெல்லக் கையை உயர்த்தினார். "என் வீட்டுத் துளையில் கம்பளித் துணி இருந்தது. குளிர் காற்று வருகிறதென்று நான்தான் வைத்தேன்." இன்னொருவர் தன் வீட்டில் பழைய பத்திரிகை என்றார். எல்லாரும் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"அப்படியென்றால் அந்த விதியை எடுத்துவிடுவோம்" என்றார் தலைவர்.

நான் விடவில்லை. "எடுக்க வேண்டாம். வாக்குக்கு விடுங்கள். அது தோற்கவேண்டும்" என்றேன்.

வாக்குக்கு விட்டார்கள். விதிக்கு ஆதரவாக ஒரு கையும் எழவில்லை. அதைப் பார்த்து மகிழ்ந்திருக்க வேண்டியவள் நான். ஆனால் நான் பக்கத்தில் இருந்தவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கலியாணம் முடித்த நாளில்கூட இவரைப் பார்த்து எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை.

வீட்டுக்கு நடந்தோம். பனி லேசாகத் தூறியது. வாசலடியில் சப்பாத்தைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"தூள் முடிஞ்சுதெல்லோ?"

"ஓம். சனிக்கிழமை வறுக்கவேணும். மின்னடுப்பைப் பல்கனியிலை எடுத்து வையுங்கோ."

என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் பல்கனியிலை? எங்களுக்குக் குசினி இருக்குத்தானே?"