நான் மாட்டிய பிரேக்

என் மனைவியின் சைக்கிள் கல்யாணத்துக்கு முன்பே அவள் தன் சம்பளத்தில் வாங்கியது. பச்சை நிறம், முன்னால் ஒரு கூடை, இரண்டு சக்கரத்துக்கும் கம்பி இழுத்துக் கட்டிய பிரேக். புக்கிட் காதிலுக்கு அப்பால் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் அவள் ஆசிரியை. காஜா பெராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டிலிருந்து தினமும் அத்தனை தூரமும் மிதித்துப் போய்வருவாள். நான் மலாக்கா டவுனில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா, நடந்தே போய்விடுவேன். சைக்கிளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏறி உட்கார்ந்தால் மிதிக்க வேண்டும் என்பதுதான்.

அவள் தெங்கேராவில் பிறந்து வளர்ந்தவள். மலாயைத் தமிழைப்போலவே பேசுவாள். நான் சிகாமாட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். என் மலாய் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். இதைச் சொல்லக் காரணம், பக்கத்து வீட்டுக்காரன் ஒரு மலாக்கா செட்டி. சாமி கும்பிடுவதில் எங்களைவிடச் சுத்தம். வாசலில் மாவிலை, நெற்றியில் திருநீறு. ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். இடையில் எப்போதாவது ஒரு தமிழ்ச் சொல் வந்து விழும். அரசாங்கப் பட்டறை ஒன்றில் ஃபிட்டர் வேலை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். என்னைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கலாம்.

நாங்கள் குடிவந்த இரண்டாம் மாதம் ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, சைக்கிள் எங்கள் வாசலில் தலைகீழாகக் கிடந்தது. அவன் குந்தி உட்கார்ந்து சங்கிலியைப் பல்லில் ஏற்றிக்கொண்டிருந்தான். என் மனைவி பக்கத்தில் நின்று ஏதோ சொல்ல, அவன் பதிலுக்கு ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். என்னோடு அதுவரை அப்படிச் சிரித்ததில்லை. வாயை மூடாமல், தலையைப் பின்னால் சாய்த்து. என்ன வேடிக்கை என்று கேட்டேன். தமிழில் சொன்னால் சிரிப்பு வராது என்றாள்.

அவள் அவனை அபாங் என்று அழைத்தாள். அண்ணன் என்றுதான் அர்த்தம். ஆனால் மலாய்க்காரப் பெண்கள் புருஷனையும் அபாங் என்றுதான் கூப்பிடுவார்கள். இது எனக்குத் தெரியும் என்பதுதான் வினை. தெரியாமல் இருந்திருந்தால் பாதி வயிற்றெரிச்சல் மிச்சமாகியிருக்கும்.

அடுத்த வாரமே ஒரு ஸ்பேனர் செட்டும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் வாங்கி வந்தேன். இனி சைக்கிளுக்கு எது வந்தாலும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், ஊராரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றேன். அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

முதலில் பஞ்சர். டயரைக் கழற்றும் நெம்புகோல் செட்டில் இல்லாததால் சமையலறையிலிருந்து இரண்டு கரண்டிக் காம்புகளை எடுத்துக்கொண்டேன். ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டினேன். காற்றடித்தால் நிற்கவில்லை. கழற்றிப் பார்த்தால் கரண்டிக் காம்பு கடித்து இரண்டு புது ஓட்டை. அவற்றை ஒட்டி மாட்டும்போது மூன்றாவது. அன்று அவள் பள்ளிக்குப் போகவில்லை. கரண்டிகளும் வளைந்துவிட்டன. அவற்றை வைத்துக் குழம்பு ஊற்றும்போதெல்லாம் தட்டுக்கு வெளியே வழியும். அவள் துணியால் துடைப்பாள்.

அதன் பிறகும் நான் ஓயவில்லை. பின்சக்கரம் கடகடவென்று சத்தம் போடுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சைக் கழற்றினேன். உள்ளே இருந்த இரும்புக் குண்டுகள் சரமாரியாகக் கொட்டி, பாதி பலகைத் தரையின் இடுக்கு வழியாகக் கீழே போயின. சில உருண்டு லோங்காங்கில் விழுந்தன. சாக்கடையில் கைவிட்டுத் துழாவிக் கிடைத்ததை எடுத்தேன். மீதிக்குக் கடையில் வாங்கினேன். குண்டுகள் உட்காரும் கிண்ணம் நிறையக் கிரீஸ் பூசி, இடமில்லாமல் அடுக்கி மூடினேன். சக்கரம் சுற்றவில்லை. கையால் தள்ளினால் முனகிக்கொண்டு அரைச் சுற்று போய் நின்றது.

மறுநாள் காலை அவள் என்னிடம் கேட்காமல் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப்பக்கம் போனாள். நான் சட்டைப் பொத்தான் போடுவதுபோல ஜன்னலோரம் நின்றேன். அவன் மூடியைத் திறந்தான், உள்ளே பார்த்தான், சுண்டு விரலால் ஒரே ஒரு குண்டை வெளியே எடுத்தான். மூடினான். சக்கரத்தைத் தட்டிவிட்டான். அது சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு குண்டுக்குள்ள இடம் காலியாக இருந்தால்தான் மற்றவை உருளும் என்று அவளுக்கு விளக்கினானாம். அவள் அன்று மாலை முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி வியந்தாள். அந்த ஆளுக்குக் கையிலேயே கண்ணு இருக்கு என்றாள்.

இப்படியே ஒரு வருடம் போயிற்று. நான் கெடுப்பேன், அவன் சரிசெய்வான். அவன் ஒருநாளும் என்னைக் கேலி செய்ததில்லை. செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

மெர்டேக்காவுக்கு ஒரு மாதம் இருந்தபோதுதான் அது நடந்தது. விடுதலை நாளன்று டவுன் திடலில் பள்ளிப் பிள்ளைகள் பாட வேண்டும் என்று ஏற்பாடு. தோட்டத்துப் பிள்ளைகள் முப்பது பேருக்கு அவள் இரண்டு மாதமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் அரிசி களையும்போதும் வாயில் அதே பாட்டு. அந்த வாரம் வியாழக்கிழமை முன்பிரேக் தளர்ந்திருக்கிறது என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் கம்பியை இழுத்துக் கட்டிக்கொடுத்தான். நான் வந்தபோது வேலை முடிந்து இருவரும் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் அந்தப் பாட்டை முணுமுணுத்துக் காட்டினான். ராகம் சரியாக இருந்தது. எனக்கு அவள் அதைப் பாடிக்காட்டியதே இல்லை. நான் கேட்டதும் இல்லை என்பது இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை.

ஞாயிறு மாலை அவள் அவனுடைய மனைவியோடு ஜாலான் துக்காங் எமாஸ் கோவிலுக்குப் போனாள். நான் கடையில் ஒரு ஜோடி புது பிரேக் ரப்பர் வாங்கி வந்து, முன்சக்கரத்தில் தேய்ந்திருந்ததைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். அவளிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை மாலை பிரேக் நன்றாகப் பிடிக்கிறதே என்று அவளாகச் சொல்லட்டும், அப்போது நான்தான் என்று சொல்லலாம் என்று திட்டம்.

திங்கட்கிழமை காலை மழை தூறியது. பத்து மணிக்கு அலுவலகத்துக்கு ஆள் வந்தது. புக்கிட் காதில் இறக்கத்தில் உங்கள் மனைவி விழுந்துவிட்டார், தோட்டத்து லாரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றான். ஓடினேன். வலது மணிக்கட்டு முறிந்து, முழங்கால் கிழிந்து, தாடையில் நான்கு தையல். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியதும் முதலில் பிடித்தது, பிறகு டப்பென்று ஏதோ கழன்று ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது என்றாள். பின்பிரேக் மழையில் வழுக்கியிருக்கிறது. எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கி லோங்காங்கில் விழுந்திருக்கிறாள்.

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் கிடந்தாள். பிறகு கேட்டாள்.

“வியாழக்கிழமதானே அபாங் கட்டிக் குடுத்தாரு. எப்படிங்க கழலும்?”

எனக்கு ஏன் கழன்றது என்று அப்போது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் கடைசியாகக் கைவைத்தது யார் என்று தெரியும்.

“அவன் கைவச்சதுதானே,” என்றேன். “நான் அப்பவே சொன்னேன்.”

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாலையில் கட்டுப்போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தேன். சைக்கிள் இறக்கத்துக்குக் கீழே ஒரு காப்பிக்கடையில் கிடந்தது. நான் போய் எடுத்துவருவதற்குள் அவன் பட்டறையிலிருந்து நேராக அங்கே போய் அதைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். வாசலில் நிறுத்தினான். அவள் கான்வாஸ் நாற்காலியில் சாய்ந்திருந்தபடியே மலாயில் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. கம்பியைச் சரியாக முடுக்கினீர்களா என்று மெதுவாகத்தான் கேட்டாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் சக்கரத்தைப் பார்த்தேன்.

“சாலா சாயா, சிக்கு,” என்றான். என் தவறுதான், டீச்சர். அவ்வளவுதான். வண்டியை நானே பார்த்துத் தருகிறேன் என்று சொல்லித் தள்ளிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் சைக்கிள் எங்கள் வேலியோரம் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. கைப்பிடி நேராக்கி, சேறு கழுவியிருந்தான். நான் முன்சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். பிரேக் ரப்பரைத் தாங்கும் இரும்புக்கூட்டில் ஒருபக்கம் மூடியிருக்கும், ஒருபக்கம் திறந்திருக்கும். நான் திறந்த பக்கத்தை முன்னால் வைத்து மாட்டியது நன்றாக நினைவிருந்தது. அந்தப் பக்கம்தான் ரப்பர் செருக வாகாக இருந்தது. இப்போது மூடிய பக்கம் முன்னால் இருந்தது. சக்கரம் சுற்றும் வேகத்தில் ரப்பரை எந்தப்பக்கம் இழுக்கும் என்று விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். பிரேக் பிடித்ததும் ரப்பர் திறந்த பக்கமாக நழுவி வெளியே விழுந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. அவனுக்கு முதல் பார்வையிலேயே புரிந்திருக்கும். புது ரப்பரை யார் மாட்டியது என்பதும்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வேலிப்பக்கம் சிரிப்புச் சத்தம் இல்லை. நான் ஒரு வருடமாக விரும்பியது அதுதான். அவள் கொல்லைக்குப் போனால் அவன் உள்ளே போய்விடுவான். அவன் மனைவி வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தனுப்பும் பலகாரமும் நின்றது. மெர்டேக்கா நாளன்று வேறொரு டீச்சர் பிள்ளைகளை அழைத்து வந்து பாட வைத்தார். இவள் கையைத் துணியில் தொங்கவிட்டுக் கட்டிக்கொண்டு கூட்டத்தில் நின்று வாயை மட்டும் அசைத்தாள். எங்களுக்குப் பத்தடி தள்ளி அவன் தன் சின்னப் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருந்தான். இவளைப் பார்த்துத் தலையசைத்தான். இவள் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள். சுற்றிலும் ஜனங்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் உள்ளே ஒரு மகிழ்ச்சி பொங்கியது. அது நாட்டுக்கு விடுதலை கிடைத்ததால் வந்ததல்ல.

கட்டுப் பிரித்த வாரம், பள்ளிக்குத் திரும்புவதாக எழுத வேண்டிய கடிதத்தை அவள் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலையை விட்டுவிடப்போவதாகச் சொன்னாள். பஸ் அந்தத் தோட்டத்துக்குப் போகாது, சைக்கிளில் இனி ஏற முடியாது என்றாள். பயமா என்று கேட்டேன்.

“அவரு கட்டினா போதும்னு கண்ண மூடிக்கிட்டு ஏறினவ நான். அவரு கட்டினதே கழலுதுன்னா, இனி யார நம்பி ஏறுறது?”

இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது வருத்தமல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நிற்கும் என்னை நம்பலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லையே என்பதுதான் முதலில் குத்தியது. அந்தக் குத்தலோடுதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ரப்பர் வாங்கியது, மாட்டியது, ஆஸ்பத்திரியில் சொன்னது, மறுநாள் கூட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டது எல்லாம்.

அவள் கடிதத்தை மடித்தாள்.

“மாட்டத் தெரியாம மாட்டினீங்க. அது போகட்டும். தெரிஞ்ச பிறகும் ஒரு மாசம் என்னை அவரு முகத்தப் பார்க்க விடாம வச்சீங்களே.”

பிறகு, போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள். நீயும் வருகிறாயா என்று நான் கேட்கப்போவதாக எண்ணிக்கொண்டு, நான் வரமாட்டேன், நீங்களேதான் என்றாள்.

அவன் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான். எனக்குத் தெரிந்த மலாயை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். பாதியிலேயே வார்த்தை தீர்ந்துவிட்டது. அவன் கோடரியை வைத்துவிட்டு, நான் தட்டுத்தடுமாறி முடிக்கும்வரை காத்திருந்தான். அன்று ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். டீச்சர் வலியில் இருந்தார், அந்த நேரத்தில் அவர் முன்னால் இரண்டு ஆண்கள் யார் தப்பு என்று வாதாடுவது நன்றாக இருக்காது என்றான். மறுநாள் நீ சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன் என்றான். பிறகு விறகைப் பார்த்துக்கொண்டே, ரொம்ப நாள் எடுத்துக்கொண்டாய் என்றான். அவன் என்னிடம் கடுமையாகப் பேசியது அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பி நடந்த இருபது அடியிலும், வேலையில் மட்டுமல்ல, இதிலும் அவன் என்னைவிட மேலானவனாக இருக்கிறானே என்று எரிந்துகொண்டே வந்தேன்.

அவள் வேலையை விடவில்லை. ஒரு வாரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறக்கத்தைக் கடந்தாள், பிறகு ஏறினாள். ஆனால் அன்று முதல் அந்த வண்டியை நானும் தொடக்கூடாது, அவனும் தொடக்கூடாது என்று தீர்மானம் செய்துவிட்டாள். எது வந்தாலும் தெங்கேராவில் ஒரு சீனன் கடைக்குத்தான் கொண்டுபோவாள். வேலிப்பக்கம் பேச்சு மெல்லத் திரும்பியது. பலகாரமும் வந்தது. நான் கொல்லைக்கு வந்தால் அவர்கள் குரல் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். முன்பு இறங்கியதில்லை. அதைச் சம்பாதித்துக்கொண்டது நான்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து நாங்கள் புக்கிட் காதிலில் சொந்த வீடு கட்டிப் போனபிறகு, அவன் நெஞ்சுவலியில் இறந்துபோனான். செய்தி வந்ததும் இருவரும் போனோம். கூடம் நிறைய ஆட்கள். என் மனைவி அவனுடைய மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அபாங், அபாங் என்று சொல்லி, தாடையில் தையல் போட்ட தழும்பு நனைய அழுதாள். நான் வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றேன். நல்ல மனிதன், எனக்கு ஒரு தீங்கும் செய்யாதவன் உள்ளே படுத்திருக்கிறான். அப்போதும் என் வயிற்றில் அதே எரிச்சல் இருந்தது. நான் செத்தால் இவள் இப்படி அழுவாளா என்று நினைத்துக்கொண்டேதான் அவனுக்கு வாய்க்கரிசி போட்டேன்.