அக்காவின் தலைக்கு மேலே

என் அக்கா என்னோடு ஒரு சொல்லும் கதையாமல் இருந்த நாட்களில்தான் என்னைத் தன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உங்கள் மேல் கோபமாக இருக்கும் ஒருவரின் உள்ளங்கையில் காலை வைத்து ஏறி, இரண்டு கைகளையும் விரித்து, கடைவாய்ப் பல்லும் தெரியும்படி சிரித்துப் பாருங்கள். அப்போது தெரியும் என் நிலைமை.

இதைச் சொன்னால் இப்போது ஒருவரும் நம்புவதில்லை. என் வயிற்றைப் பார்க்கிறார்கள், பிறகு கூரையைப் பார்க்கிறார்கள், தேநீரைக் குடிக்கிறார்கள். ஆனால் ஒன்பது வயதில் நான் கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரித்தான் இருந்தேன். மொன்றியலில் பனிக்காற்று அடிக்கும் நாட்களில் அம்மா என் கையைப் பிடிப்பது பாசத்தினால் மட்டுமல்ல.

இதற்குப் பெயர் சியர்லீடிங். அப்படிச் சொன்னதும் கிரிக்கெட் மைதானத்தின் ஓரத்தில், பந்து எல்லையைத் தாண்டும்போதெல்லாம் ஆடுகிற பெண்களை நினைத்துவிட வேண்டாம். இது வேறு. இங்கே பந்தும் இல்லை, உற்சாகப்படுத்துவதற்கு வேறொரு அணியும் இல்லை. இவர்களே போட்டியாளர்கள். நீலப் பாய் விரித்த மேடை, இரண்டரை நிமிடப் பாட்டு. அதற்குள் கரணம் அடிக்க வேண்டும், ஆட வேண்டும், ஆளின் மேல் ஆள் ஏற வேண்டும். அத்தனையையும் மூச்சே வாங்காதவர்கள் போலச் சிரித்துக்கொண்டு செய்ய வேண்டும். முன்னால் நடுவர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மேலே ஏறியவர் கீழே விழுந்தால் புள்ளி வெட்டுவார்கள்.

நான் இதற்குள் போய் விழுந்தது திறமையால் அல்ல. அப்போது நாங்கள் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அம்மாவுக்கு மருத்துவமனைச் சமையலறையில் பின்னேர வேலை, அப்பா வருவதற்கு எட்டு மணி ஆகும். என்னைத் தனியே விட்டுவிட்டுப் போனால் வீடு மிஞ்சாது என்பது குடும்பத்தின் ஏகமனதான கருத்து. ஆகவே அக்கா பயிற்சிக்குப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். நான் பாடசாலை மண்டபத்தின் சுவரோரம் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் மேலே நின்றவள் அக்காதான். முதல் நாள் அவள் எழும்பியதைப் பார்த்தபோது நான் வாயில் வைத்திருந்த பிஸ்கட்டைக் கடிக்க மறந்துபோனேன். கீழே மூன்று பெண்கள் குனிந்தார்கள், எட்டு என்று ஒரு குரல் கேட்டது, அடுத்த கணம் அவள் கூரை விளக்குகளுக்குப் பக்கத்தில் நின்றாள். வீட்டில் பாத்திரம் கழுவுவது யாருடைய முறை என்று என்னோடு மல்லுக்கு நிற்கிற அதே அக்கா. அங்கே அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை போலவே இல்லை. கோயிலில் தேர் அசையும்போது அம்மா கைகூப்புவாளே, அப்படி என்னுடைய கைகளும் தாமாகச் சேர்ந்தன. பிஸ்கட் தூள் மட்டும் சட்டையில் கொட்டியது.

அடுத்த கோடை விடுமுறைக்குள் அக்கா வளர்ந்துவிட்டாள். அம்மா மகிழ்ச்சியோடு அவளுடைய உடுப்புகளின் விளிம்பைப் பிரித்துவிட்டாள். கோச் அவ்வளவு மகிழவில்லை. அவர் ஒரு கியூபெக்காரப் பெண்மணி, குட்டை முடி, தொண்டை முழுக்க விசில். அக்காவைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார், தோளில் தட்டினார், இனி நீ கீழே நின்று தாங்கு என்று பிரெஞ்சில் சொன்னார். அக்கா சரி என்று தலையாட்டினாள். பிறகு கோச்சின் கண் சுவரோரம் வந்தது. வந்து என்னை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், கடையில் பூசணிக்காய் பார்ப்பதுபோல.

"பர்ஃபே!" என்றார், கச்சிதம் என்று.

என்னுடைய ஆற்றலை ஒரு அந்நியர் கண்டுகொண்டாரே என்று நான் பூரித்துப்போனேன்.

அன்றைக்குத் தொடங்கி அக்கா என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதே வாரம்தான் அவள் தலையில் கட்டுகிற பெரிய மினுக்கு ரிப்பனை எடுத்துக் கீழ்வீட்டு நாயின் கழுத்தில் கட்டிவிட்டிருந்தேன். நாய்க்கு அது மிகவும் பிடித்திருந்தது, கழற்ற விடவில்லை. பிராயச்சித்தமாக ரிப்பனைப் பாத்திரம் கழுவும் சோப்பில் ஊறவைத்துக் கழுவினேன். மினுக்கம் முழுவதும் தண்ணீரோடு போய்விட்டது. அதைக் காயவைத்து அவளுடைய தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விளக்கை அணைத்தாள்.

பயிற்சியில் என்னைத் தாங்குபவர்கள் மூவர். ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் ஒரு கிரேக்கப் பெண், முதுகுப்பக்கம் நெட்டை மரி-ஈவ். எண்ணிக்கை சொல்வது அக்காவின் வேலை. "செங், சீஸ், செத், வீத்!" ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. வீட்டில் சோறு போடட்டா என்றுகூடக் கேளாதவள் என்னிடம் சொன்னது அந்த நாலு பிரெஞ்சு இலக்கம்தான். அதுவும் என் கணுக்காலைப் பார்த்து.

மேலே போனதும் கீழே பார்க்கக் கூடாது என்பது முதல் பாடம். சொல்லாமல் விட்டிருந்தால் பார்த்திருக்க மாட்டேன். பார்த்தேன். அக்கா கண்வெட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பார்வைக்கு ஒரே பொருள்தான்: இரு, உன்னைப் பேந்து கவனிக்கிறேன். பேந்து என்ன, இப்போதே கவனிக்கலாமே, என்னுடைய கால் அவளுடைய கையில்தானே இருக்கிறது என்று எனக்கு உள்ளங்கால் வியர்த்தது. போட்டி நெருங்க நெருங்க, அவள் கையை எடுத்துவிடுவாள் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. என் ஹொக்கி அட்டைகளைப் பள்ளி நண்பர்களுக்குப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினேன்.

போட்டி ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில், ஒரு பெரிய விளையாட்டு அரங்கில் நடந்தது. அம்மா லீவு எடுத்திருந்தாள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, புது வீடியோ கமராவோடு வந்தார். நடனப் போட்டி என்று மட்டுமே நாங்கள் வீட்டில் சொல்லியிருந்தோம். அம்மா எங்கள் இருவருக்கும் திருநீறு பூசிவிட்டாள். கோச் அதன் மேலேயே மினுக்கம் பூசினார், எல்லோருக்கும் உதட்டுக்குச் சிவப்பும் பூசினார். கண்ணாடியில் பார்த்தபோது நான் ஒரு சிறிய, புதிய மதத்தின் பூசாரி போல இருந்தேன்.

மேடைக்குப் போகுமுன் ஒவ்வொரு அணிக்கும் ஆயத்த அறையில் சில நிமிடம் கொடுப்பார்கள். கறுப்புத் திரைக்குப் பின்னால் பாய்கள், சுவரில் பெரிய மணிக்கூடு. எங்களுக்கு முன்னால் பெரிய பிள்ளைகளின் அணி ஒன்று நின்றது. நாலு பேர் கைகளைப் பின்னி, ஒரு பெண்ணை மேலே எறிந்தார்கள். எறிந்தார்கள் என்றால், எறிந்தேதான் விட்டார்கள். அவள் மேலே போனாள், உச்சியில் ஒரு கணம் அப்படியே நின்றாள், அவசரமே இல்லாமல் ஒருமுறை சுழன்றாள், திரும்பி வந்து அந்தக் கைகளுக்குள் படுத்தாள். ஒருவரும் கைதட்டவில்லை. அவர்களுக்கு அது வழக்கம். எனக்கோ ஒரு மனிதரால் இப்படியும் முடியுமா என்று மெய்சிலிர்த்தது. அடுத்த மூச்சில், அந்த நாலு பேரில் ஒருவர் அவளுடைய அக்காவாக இருந்து அவளோடு கோபமாகவும் இருந்தால் என்ன நடக்கும் என்று ஒரு யோசனை வந்தது. எங்கள் முறை வந்ததும், அதே பாயில் கடைசி ஒத்திகைக்கு அந்த யோசனையோடுதான் ஏறினேன்.

"செங், சீஸ், செத், வீத்!"

மேலே போய்விட்டேன். கீழே பார்த்தேன். அக்கா அதே பார்வை. என் முழங்கால் மடிந்தது. பின்பக்கம் விழுந்திருந்தால் மரி-ஈவ் இருந்தாள். நான் ஒருவரும் இல்லாத முன்பக்கத்தைத் தெரிந்தெடுத்தேன். விழும்போது பெரிய ஆட்கள் கடவுளைக் கூப்பிடுவார்களாம். நான் "ரிப்பனை நாய்தான் கேட்டது!" என்று கத்தினேன்.

பாய் வரவில்லை. பாய்க்கு முன் அக்கா வந்தாள். எப்படி அங்கே வந்தாள் என்று தெரியாது, மல்லாக்கக் கிடந்தாள், நான் அவளுக்கு மேலே கிடந்தேன். என்னில் ஒரு கீறலும் இல்லை. என் முழங்கை அவளுடைய வாயில் இருந்தது.

கோச் ஓடிவந்தார். அக்கா எழுந்து புறங்கையால் வாயைத் துடைத்தாள். கீழ் உதடு வெடித்திருந்தது. கோச் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சுருண்டு அழுதுகொண்டிருந்தேன். இன்றைக்குத் தோள் உயரத்தோடு நிறுத்திவிடலாம், பையன் பயந்துவிட்டான் என்று அவர் பிரெஞ்சில் சொன்னார். தலைக்கு மேலே ஏறாவிட்டால் அந்த வருடம் முழுவதும் பழகியதற்குப் பயனில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மரி-ஈவ் நிலத்தைப் பார்த்தாள்.

"இல்லை, ஏறுவான்," என்றாள் அக்கா, அதுவும் பிரெஞ்சில். பிறகு என்னிடம் குனிந்தாள்.

"டேய். எழும்பு."

அத்தனை நாட்களுக்குப் பிறகு தமிழ். நான் அழுகையை மறந்து அண்ணாந்து பார்த்தேன்.

"என்னை ஏன்டா பாக்கிறாய்? தூரத்திலை பார். என்னைப் பாராதை. நான் பாக்கிறன்."

"நீ முறைக்கிறாய்."

"முறைக்கேல்லையடா விசரா. தாங்கிற ஆள் கண்ணை எடுக்கக் கூடாது. மூக்கைத் துடை."

கோச் அவளுடைய உதட்டுக்கு மேலே இன்னொரு பூச்சுச் சிவப்புப் பூசினார். எல்லோருக்கும் சிவப்பு என்பதால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மேடைக்கு வந்தபோது வெளிச்சத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பாட்டு தொடங்கியது, கால்கள் தாமாக ஓடின, எங்கள் இடத்துக்கு வந்துவிட்டோம். அக்காவின் கையில் காலை வைத்தேன். பாட்டின் இரைச்சலுக்குள் காதோடு ஒரு குரல் கேட்டது.

"அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு."

பிரெஞ்சில் அல்ல.

நான் மேலே போனேன். தூரத்திலே பார்த்தேன். இருட்டுக்குள் ஆயிரம் முகங்கள் இருந்திருக்கலாம், பத்து இருந்திருக்கலாம். விளக்குகள் என் உயரத்தில் நின்றன. கீழே இரைச்சல், மேலே அமைதி. என் கால்களுக்குக் கீழே உலகம் அசையவில்லை. வீட்டு மேசைகூட அத்தனை உறுதியாக நின்று நான் பார்த்ததில்லை. சிரிக்கச் சொல்லித் தந்திருந்தார்கள், ஆனால் நான் சிரித்தது அதனால் அல்ல. அக்கா முந்தின வருடம் முழுவதும் இங்கேதான் இருந்தாள், வீட்டுக்கு வந்து இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வியப்பாக இருந்தது.

அப்போது அரங்கின் எங்கோ ஒரு மூலையிலிருந்து அம்மாவின் குரல் எழுந்தது, ஆற்றுக்கு அக்கரைவரை கேட்டிருக்கும். "ஐயோ தம்பி, பிள்ளையை ஏத்திப் போட்டாங்களடா!"

நாலு அணிகளில் மூன்றாவதாக வந்தோம். அம்மா எங்களைக் கண்டதும் என்னைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்தாள், பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"உதென்னடி சொண்டு வீங்கிக் கிடக்கு?"

"கதவு அடிச்சுப் போட்டுதம்மா."

"கதவோ? கண் எங்கை வைச்சுக்கொண்டு போனனீ?"

அக்கா குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கினாள். நானும் வாய் திறக்கவில்லை. அது என் வாழ்க்கையில் அபூர்வம்.

திரும்பும்போது மஞ்சள் தடத்து மெட்ரோவில் மாமா கமராவின் சின்னத் திரையில் படத்தைப் போட்டுக் காட்டினார். நான் மேலே எழும்பும் கட்டம் வந்தது. திரையில் என் சப்பாத்து மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

"மாமா, என்னைக் காணேல்லை!"

"நீ மேலை போயிட்டாய், நான் என்ன செய்யிறது? உன்ரை கொம்மா கத்தின கத்திலை எனக்குக் கை ஓடேல்லை."

"ஓம், நான்தான் குற்றம்," என்றாள் அம்மா. "நடனமெண்டு சொல்லிப் போட்டுச் சர்க்கஸ் காட்டுதுகள். தேப்பனுக்குச் சொல்லுறன் இரு."

அந்தப் படம் முழுவதும் அக்காதான் இருந்தாள். அண்ணாந்த முகம், அசைகிற உதடு, இமைக்காத கண். நான் மேலே சிரிக்க வேண்டிய இடத்தில் அவள் கீழே சிரித்தாள். நான் தலையை வெட்டித் திருப்ப வேண்டிய இடத்தில் அவளுடைய நாடியும் ஒருமுறை வெட்டித் திரும்பியது. மாமா நல்ல படத்தைப் பாழாக்கிவிட்டார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மெட்ரோ ஆற்றுக்கு அடியால் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவும் மாமாவும் எதிர் இருக்கையில் வாக்குவாதத்தில் இருந்தார்கள். நான் மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, ஏன் என்னைப் பிடிச்சனீ?"

அவள் கறுப்பு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கீழை விழுந்தா பொயின்ற் வெட்டுவாங்களடா."

"எவ்வளவு?"

"கனக்க."

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. எவ்வளவு நல்ல விதி என்று நினைத்தேன்.

இப்போது அக்கா ரொக்ஸ்பரோவில் சொந்தமாக ஒரு சியர் கிளப் நடத்துகிறாள். விசிலும் வைத்திருக்கிறாள். போட்டி நாட்களில் தண்ணீர்ப் போத்தல் காவ, பிள்ளைகளின் சப்பாத்துத் தேட என்னைக் கூப்பிடுவாள். அப்படிப் போன ஒரு நாள், ஆயத்த அறையில் ஒரு சின்னப் பிள்ளை தடுமாறி விழ, கீழே நின்ற மூன்று பேரும் பாய்ந்து பிடித்தார்கள். பழக்கதோஷத்தில் நான் புள்ளி வெட்டுபவர்களைத் தேடித் திரும்பிப் பார்த்தேன். பாய்கள் இருந்தன, மணிக்கூடு இருந்தது, கறுப்புத் திரை இருந்தது. நடுவர்களின் மேசை திரைக்கு அந்தப் பக்கம், மேடைக்கு முன்னால் இருந்தது. இந்தப் பக்கத்தில் யார் விழுந்தாலும் வெட்டுவதற்கு ஒரு புள்ளியும் கிடையாது. அன்றைக்கும் இருந்திருக்காது.

அக்காவிடம் இதை நான் கேட்கவில்லை. கேட்டால் மூக்கைத் துடை என்பாள்.

மெட்ரோவில் இருந்த பொடியனுக்கோ அதெல்லாம் தெரியாது. நெற்றியில் திருநீறும் மினுக்கமும் கலந்திருக்க, அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டு, கனக்க என்றால் எத்தனை புள்ளியாக இருக்கும் என்று யோசித்தபடியே அவன் நித்திரையாகிவிட்டான்.