கறுத்துக்கொண்டே போனவர்

டெல்லியில் மோதி பாக்கிலிருந்து ஆபீஸுக்குப் போகும் சார்ட்டர்ட் பஸ்ஸில் அவர் என் பக்கத்து சீட். அவர் குடும்பம் ஊரில். ஏறுமுன் தள்ளுவண்டிக்காரனிடம் வெள்ளரிப் பிஞ்சு வாங்குவார். "பையா, நமக் இன்னும்" என்று உப்பைக் கேட்டுக்கேட்டுப் போடவைப்பார். காயை விட உப்பைத்தான் தின்றார் என்று சொல்லவேண்டும். ஆள் இளைத்துக்கொண்டே போனார். பெல்ட்டில் புதிதுபுதிதாக ஓட்டை போட்டார்.

ஒருநாள் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ரேகைகள் மையில் வரைந்ததுபோல் கறுத்திருந்தன.

"நான் இந்த நிறமே இல்ல சார். கல்யாணத்துல மாப்பிள்ளை நல்ல செவப்புன்னாங்க."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாமலா? மதராஸிங்க இப்படித்தானேன்னு சிரிக்கிறாங்க. ஊர்ல கேட்டா டெல்லி வெயிலுங்கிறாங்க. என் பழைய நிறத்தப் பாத்தவங்க இங்க யாரு சார் இருக்கா?"

சிறுநீரகத்தின்மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி கெட்டுப்போனால் தோல் இப்படிக் கறுக்கும், நாக்கு உப்புக்கு அலையும், மருந்து கொடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் அவர் போன பிறகு எனக்குத் தெரியவந்த சங்கதி.

அந்த ஜூன் மாதக் காலையில் பஸ்ஸிலேயே என் தோளில் சரிந்தார். கண்டக்டரும் நானும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாடி பார்த்த இளம் டாக்டரிடம் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கெஞ்சினேன்: "டாக்டர் சாப், இவர் முன்னெல்லாம் இவ்வளவு கறுப்பில்லை."

டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு நிதானமாக என் முகத்தைப் பார்த்தார்.

நான் பிறவியிலேயே கறுப்பு.

"அச்சா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.