சுண்டுவிரல் தெரியுதா

பனியன் கம்பெனிக்காரர்களுக்கு எந்த வலிக்கும் முதல் மருந்து துணிதான். கால் சுளுக்கினால் ரிப் துணி, இடுப்பு பிடித்தால் ரிப் துணி. பனியன் கழுத்துக்கு வைத்துத் தைக்கிற அந்த இழுவைத் துணியின் வெட்டுத் துண்டு இல்லாத வீடு எங்கள் வீதியில் கிடையாது. எனக்கு வலது முழங்கை வலித்து, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போக ஆரம்பித்தபோது, கட்டிங் மாஸ்டரான என் கணவரும் அதைத்தான் கொண்டுவந்தார்.

"இறுக்கமா இருந்தாத்தான் அம்மிணி கேக்கும்" என்று தினமும் படுக்கும் முன் என் கையை மடக்கிக் கட்டிவிடுவார். வேறு எதற்கும் என்னிடம் அவ்வளவு கரிசனம் காட்டாத மனிதர். எனக்கு அது பிடித்திருந்தது. வலி கூடியபோது இன்னும் இறுக்கினார்.

கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும்போது துணி என் பிடியிலிருந்து நழுவி, தையல் கோணிப்போய், சூப்பர்வைசர் முறைத்த பிறகுதான் கோயம்புத்தூருக்குப் போனோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்ததை டாக்டர்தான் காட்டினார். முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம்.

"மடக்கி இறுக்கிக் கட்டினா நரம்பு இன்னும்தானே நசுங்கும்? யார் கட்டினது?"

"நாந்தானுங்க" என்றார் என் கணவர். எழுந்து நின்று சொன்னார். யாரும் அவரை எழச் சொல்லவில்லை.

சின்னத் துளை போட்டு, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டு, நரம்பை அழுத்திய பட்டையை வெட்டிவிட்டார்கள். மறுநாளே வீடு. காயம் பட்டன் ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதனாலேயே ஒருத்தரும் மதிக்கவில்லை. பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "இத்தனூண்டுக்கா இத்தன நாளு லீவுங்க?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழங்கையைப் பெரிதாகக் கிழித்திருந்தால் உச்சுக்கொட்டியிருப்பாள்.

வலி போய்விட்டது. விரல் வரவில்லை. உணர்ச்சி மெதுவாகத்தான் திரும்பும், முழுதாக வராமலும் போகலாம், தினமும் தொட்டுப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் என் கணவர் எதிரே உட்காருவார். நான் கண்ணை மூடிக்கொள்வேன். சுண்டுவிரல் நுனியைத் தொட்டு, "தெரியுதா அம்மிணி?" என்பார். "இல்லீங்க" என்பேன். அன்றைக்கெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது. எனக்கு அவர்மேல் கோபம் இல்லாமல் இல்லை. அந்த முகத்தைப் பார்ப்பதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

போன வாரம் அவருக்குத் தெரியாமல் கம்பெனிக்குப் போய்த் தைத்துப் பார்த்தேன். ஒரு பீஸ்கூட உருப்படியாக வரவில்லை. இனிமேல் வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை வழக்கம்போல் கண்ணை மூடிக் கையை நீட்டினேன்.

"தெரியுதா அம்மிணி?"

"தெரியுதுங்க. இன்னிக்கு நல்லாவே தெரியுதுங்க."

கண்ணைத் திறந்தேன். அவருடைய இரண்டு கைகளும் மடியிலேயே இருந்தன. என் விரலை அவர் இன்னும் தொடவே இல்லை.