அசரியா உபதேசியார் தமக்கே வாசித்த ஓலை

எங்கள் அத்தான் அசரியா மேற்குத் தாம்பரத்தில் இருபத்தாறு வருஷம் உபதேசியாராக இருந்தார். நோயாளிகளைப் பார்த்து ஜெபிப்பார், சர்ச்சில் கல்யாண ஓலை வாசிப்பார். நிச்சயமானவர்களின் பெயரை மூன்று ஞாயிறு சபையில் வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பதுதான் ஓலை. அதில் ஓர் எழுத்துகூடப் பிசகாத மனுஷன்.

1972 ஜூலையில் ஒரு ஞாயிறு, கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே, "அசரியாவுக்கும் ரத்தினபாய்க்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. இது முதல் முறை. தடை இருந்தால் சொல்லுங்கள்" என்று வாசித்தார். ரத்தினபாய் என் அக்கா. இருபத்தேழு வருஷமாக அவர் மனைவி. சபை கொல்லென்று சிரித்தது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மதுவிலக்கை எடுத்துச் சாராயக்கடை திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "குடிச்சிட்டுத்தான் வந்திருக்கார்" என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது. வேறு என்ன நினைப்பது? முடிச்சூருக்கு ஜெபத்துக்குப் போனவர் பல்லாவரம் சந்தையில் வழி தெரியாமல் நின்றிருந்தார். சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடவே இல்லை என்று சாதித்தார். அக்கா தினமும் அவர் வாயை முகர்ந்து பார்த்தாள். வாசனை இல்லை, சந்தேகமும் போகவில்லை. மாதக் கடைசியில் விசாரணை என்றது சபைக் கமிட்டி. வேலை போனால் சர்ச் வீடும் போகும். மானம் அதற்கு முன்பே போய்விடும்.

அத்தானை மின்சார ரயிலில் பட்டணத்துக்குக் கூட்டிப்போனோம். நரம்பு டாக்டர் ராஜகோபாலன் பத்து நாள் வைத்துச் சோதித்தார். பிறகு எங்களை உட்காரவைத்துச் சொன்னார்:

"குடி இல்லம்மா. அல்சைமர்னு ஒரு வியாதின்னு நினைக்கிறேன். மூளையில நரம்பு செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லிக்கிட்டே இருக்கும். இந்த வியாதியில செல்லுக்குள்ள நூல் சிக்கிக்கிட்ட மாதிரி ஆயிடும், வெளியில கசடு படியும். சேதி நின்னு போய், செல்லும் செத்துப்போகும். புதுசைப் பதியவைக்கிற இடத்துலதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். அதான் நேத்து நடந்தது மறந்துபோகுது, வாலிபத்துல நடந்தது நிக்குது. ஏன் வருதுன்னு தெரியல. மருந்தும் கிடையாது."

நான் அழுதுவிட்டேன். அக்காவோ, "அப்பாடா" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னக்கா அப்பாடா?"

"அவரு என்கிட்ட பொய் சொல்லலடி, மெட்டில்டா. இத்தனை நாளா அந்த வாயை மோந்து பாத்தேனே!"

அவள் அழுதாள், சிரித்தாள். என் நெஞ்சிலிருந்தும் பாரம் இறங்கியது. வெட்கம் மட்டும் இறங்கவில்லை.

டாக்டர் கடிதத்தை அக்காவே கமிட்டியில் படித்தாள். குடி என்று முதலில் கிளப்பிவிட்டது நான்தான் என்று நானும் எழுந்து சொன்னேன். அத்தானுக்கு ஓய்வு கொடுத்தார்கள், குடியிருந்த வீட்டை விட்டுவைத்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. சாயங்காலக் குடும்ப ஜெபம் முடிந்ததும் அத்தான் எழுந்து நின்றார். பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்து, கணீரென்று, "அசரியாவுக்கும் ரத்தினபாய்க்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. இது முதல் முறை. தடை இருந்தால் சொல்லுங்கள்" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஒரு தடையும் இல்லீங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறும் முதல் முறை என்றுதான் வாசித்தார். அக்காவும் எழுந்து போய் நின்றாள்.