எல்கடுவ ஏற்றமும் என் அரை மூச்சும்

போன தை மாதம் என் தங்கை சாந்தி, எல்கடுவவுக்குப் பக்கத்தில் கட்டிய புது வீட்டில் பால் காய்ச்சினாள். அதற்காக உக்குவளையிலிருந்து நான் போய்வந்த கதை இது. தூரம் பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள் நன்றாக மூச்சு விடுகிறவர்கள். மற்றவர்கள் தொடர்ந்து வாசியுங்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவள். சிகரெட்டைத் தொட்டதில்லை. தேயிலைத் தோட்ட லயத்து வீட்டின் அடுப்புப் புகையில் வளர்ந்த நெஞ்சு, பிறகு விடாத இழுப்பு, இப்போது நுரையீரல் அடைப்பு நோயின் கடுமையான கட்டம். பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் கிளினிக்கில் குழாயில் ஊதச் சொன்னார்கள். போன வருடத்தைவிட மோசம். டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"டீச்சர், இந்த ரிசல்ட்டோட நீங்க நடந்து வந்ததே பெரிசு."

பாராட்டா பயமுறுத்தலா என்று இன்னும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

எங்கள் குடும்பத்தில் புது வீட்டு அடுப்பில் முதல் பாலை ஏற்றுவது மூத்த பெண். அம்மா இல்லாததால் அது நான். சாந்தியின் வீடோ ரோட்டிலிருந்து முந்நூறு மீட்டர் மேலே, த்ரீவீல் ஏறாத மண்பாதையில் இருக்கிறது. அவள் கணவர் ரவி, நாற்காலியில் மூங்கில் கட்டி, நாலு பேரை வைத்து என்னைத் தூக்கிவருவதாகச் சொன்னார். சாமி ஊர்வலம் போல உறவுக்காரர் முன் போய் இறங்க எனக்கு மனமில்லை. என் காலால் ஏறிப் போய்ப் பால் வைப்பேன், முடியாவிட்டால் திரும்பிவிடுவேன் என்று அடம்பிடித்தேன். ஒட்சிசன் சிலிண்டர் இல்லாமல் போகக் கூடாது என்ற கட்டளையோடு டாக்டரும் சம்மதித்தார்.

முதல் நாள் சாந்தி போன் எடுத்தாள். "அக்கா, நல்ல நேரம் எட்டரைக்கு. பிந்திராதீங்க, உங்களுக்காக அது நிக்காது."

காலை ஆறு மணிக்கு பாரூக் நானாவின் த்ரீவீலில் புறப்பட்டேன். காத்திருந்து திரும்பக் கூட்டிவர ஐயாயிரம் ரூபாய். சின்னச் சிலிண்டர் காலடியில், இழுப்புக்கு அடிக்கும் பம்ப் கைப்பையில், ஒட்சிசன் பார்க்கும் கிளிப் விரலில். மிளகுக்கொடிகள் முடிந்து தேயிலை தொடங்கியதும் குளிர் நெஞ்சில் ஏறியது. சால்வையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

"வேகமா போகவா டீச்சர்?"

"பொண்ணு பாக்கவா போறோம்? மெதுவா போங்க நானா."

ஏழு மணிக்கு மண்பாதை அடிவாரம். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து நீளமாக ஊதி, ஊதும்போது மட்டும் அடி வைத்தேன். பின்னால் நானா, ஒரு தோளில் சிலிண்டர், மறு கையில் முக்காலி.

இந்தப் பக்கத்தில் எதிரே வருகிற எவரும் "எங்க போறீங்க?" என்று கேட்காமல் போக மாட்டார்கள். நின்று பதில் சொல்லாவிட்டால் தலைக்கனம் என்பார்கள். எனக்கு நடக்கவும் பேசவும் சேர்ந்து முடியாது. வழக்கமாக இது பெரிய தொல்லை. அன்று அதுவே கை கொடுத்தது. கொழுந்தெடுக்கப் போன ஒரு பெண் கேட்டாள். நின்றேன், மூச்சு வந்ததும் யார் வீடு, என்ன விசேஷம் என்று விவரமாகச் சொன்னேன். விறகோடு வந்த ஒருவர் சிங்களத்தில் கேட்டார். அவருக்கும் அதே விவரம். கேட்காமல் போன ஒருவரை நானே கூப்பிட்டுச் சொன்னேன்.

பாதி வழியில் ஆளே இல்லாத ஒரு வளைவு. நிற்கச் சாக்கில்லாமல் நடந்துவிட்டேன். கிளிப் எண்பத்து நாலு காட்டியது. கண் இருண்டது. முக்காலியில் உட்கார்த்தி நானா மூக்கில் ஒட்சிசன் குழாயை மாட்டிவிட்டார்.

"நாக்காலிய கொண்டு வரச் சொல்லவா டீச்சர்?"

வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினேன். பயந்துவிட்டேன், உண்மையைச் சொன்னால். தொண்ணூற்றொன்று வரும்வரை எழும்பவில்லை.

எட்டு மணிக்கு முற்றத்தில் கால் வைத்தபோது, சாந்தி ஈரத் தலையும் விளக்குமாறுமாக நின்றாள்.

"அய்யோ அக்கா! இப்பவே வந்துட்டீங்களா?"

நல்ல நேரம் பத்து மணிக்காம். நான் பிந்துவேன் என்று எட்டரை என்றிருக்கிறாள். பிந்துவேன் என்று தெரிந்துதானே நானும் விடியக்காலையிலேயே கிளம்பினேன்! கோபம் வரத்தான் செய்தது. ஆனால் இரண்டு பேருக்கும் சிரிப்பு முந்திவிட்டது. சிரித்ததற்கு இன்னொரு தரம் ஒட்சிசன் செலவானது.

மூங்கில் கட்டிய நாற்காலி வாசலில் சும்மா கிடந்தது. அதில் உட்கார்ந்து, விருந்தாளிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருவதை இரண்டு மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். "இந்த நெலமையில எதுக்கு வாறீங்க?" என்று போனில் கேட்ட ரவியின் அண்ணன் கடைசியாக வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பேசாதீங்க. மூக்கால இழுங்க. இப்ப விசிலடிக்கிற மாதிரி ஊதுங்க" என்று நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். எனக்குப் புகை ஆகாதென்று சாந்தி விறகை விட்டு கேஸ் அடுப்பு வைத்திருந்தாள். பாலை ஏற்றினேன். பொங்கி வழிந்தபோது எனக்கும் கண் வழிந்தது.

போக நினைப்பவர்களுக்கு: முதலில் டாக்டரைக் கேளுங்கள். தனியே போகாதீர்கள். மழையில் அந்த மண்பாதை வேண்டாம். சொல்லும் நேரத்தை நம்பாவிட்டாலும் முன்கூட்டியே புறப்படுங்கள். அடுத்த மாதம் மறுபடி குழாயில் ஊத வேண்டும். எண் ஏறியிருக்காது, எனக்குத் தெரியும். ஆனாலும் சாந்தி வீட்டுக்கு இன்னும் கேற் போடவில்லை, அதற்கும் ஒரு நல்ல நாள் பார்த்து என்னைக் கூப்பிடுவாள்.

இறங்கும்போது நாலு பேரும் நாற்காலியோடு வந்து நின்றார்கள். இந்த முறை மறுக்காமல் ஏறிக்கொண்டேன். வழியில் எல்லோரும் கேட்டார்கள், "எங்க போயிட்டு வாறீங்க?" நாற்காலி நிற்காமல் போய்க்கொண்டிருக்க, ஒருவர் விடாமல் எல்லோருக்கும் பதில் சொன்னேன். போய்க்கொண்டே பேசி எத்தனை வருடமாகிவிட்டது!