மாஸ்டர் எட்மண்ட் தேவானந்தம்

எட்மண்ட் தேவானந்தத்தின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு 'பொம்மை' என்ற சொல்லை வாய்தவறிச் சொன்னவர்கள் யாரும் காப்பியைச் சூடாகக் குடித்ததில்லை. "பொம்மை இல்லைங்க, மினியேச்சர்" என்று ஆரம்பிப்பார். பொம்மை குழந்தைகள் விளையாடுவது, மினியேச்சர் என்பது கலை, சீமையில் இதற்கென்றே சங்கங்கள் இருக்கின்றன என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் காப்பியில் ஆடை படிந்துவிடும். சிட்லபாக்கத்தில் விவரம் தெரிந்தவர்கள் அந்தக் கண்ணாடி அலமாரி கண்ணில் பட்டதுமே மழையைப் பற்றியோ ரயிலைப் பற்றியோ பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆள் யார் என்றால், பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் ஜூனியர் கிளார்க். ஐம்பதைத் தொடப்போகிற வயதிலும் ஜூனியர்தான். தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மீனம்பாக்கம் தாண்டுவதற்குள் அன்றைக்கு எந்த ராட்சசனுக்கு என்ன நிறம் என்று தீர்மானித்துவிடுவார். உலகம் தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்பது அவர் கட்சி. உலகம் நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறது என்பது அவர் மனைவி தபீதாளின் கட்சி.

தபீதாள் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் டீச்சர். ஒரு எழுத்து தப்பினாலும் நோட்டைத் தூக்கி எறிவாள். தப்பு என்று தெரிந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவள் பிறவியிலேயே இல்லாத குணம். அப்படிப்பட்டவளுக்குத்தான் ஆண்டவர் எட்மண்டைக் கொடுத்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சாப்பாட்டு மேசை. அறுபத்திரண்டில், ரயில்வே காலனியில் இருந்த ஒரு ஆங்கிலோ-இந்திய ரயில் கார்டின் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது வீட்டுச் சாமான்களையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தது. தேக்கு மேசை ஒன்று இருக்கிறது, வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று தபீதாள் கணவரை அனுப்பினாள். அவர் ஒரு ஷூ பெட்டியோடு திரும்பி வந்தார். உள்ளே சாயம் போன ஈயச் சிப்பாய்கள், கட்டைவிரல் உயரத்தில், முப்பத்தொன்று. மேசையை யாரோ பல்லாவரத்துக்காரர் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று முதல் அந்த வீட்டில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பாடு.

முதலில் சிப்பாய்களுக்குச் சாயம் அடித்தார். அது அலுத்ததும், தானே பிளாஸ்டர் அச்சு செய்து, பழைய ஈயக் குழாயை உருக்கி ஊற்ற ஆரம்பித்தார். இரண்டு தலை அரக்கன், இறக்கை முளைத்த குதிரை, மீன்வால் கிழவி, தீ கக்கும் டிராகன். ஈயம் உருக்கியது தபீதாளின் குழம்புக் கரண்டியில். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் ஓடிப்போய் ஏரிக்கரையில் நின்றது. மனிதர் அசையவில்லை. ஒற்றை மயிர்த் தூரிகையை எச்சிலில் நனைத்து, அரக்கனின் கண்ணுக்குள் வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு வந்த பீங்கான் சாமான்கள் அலமாரியிலிருந்து இறங்கிப் பரணுக்குப் போயின. அரக்கர்கள் ஏறினார்கள். சபைப் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு வரும் நாட்களில் தபீதாள் அலமாரிமேல் ஒரு போர்வையைப் போர்த்திவிடுவாள். ஒருமுறை போர்வை நழுவியதில் ஒரு அம்மாள் டிராகனைப் பார்த்துவிட்டு, "வலுசர்ப்பம்!" என்று, சாத்தானையே நேரில் பார்த்ததுபோல, பைபிளோடு எழுந்தே விட்டாள். எதிர்வீட்டுச் சாமுண்டீஸ்வரிக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. நவராத்திரி சமயத்தில் வந்து, "சார், கொலுவுல கீழ்ப்படி காலியா இருக்கு. உங்க பொம்மைய ஒரு ஒம்பது நாளைக்குக் குடுங்களேன்" என்று நல்லதனமாகத்தான் கேட்டாள். கொலுவில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்திலா என்று எட்மண்ட் இரண்டு நாள் சோறு சரியாகத் தின்னவில்லை.

எழுபத்திநாலில் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகை அவர் கையில் சிக்கியது. இப்படிப்பட்ட உருவங்களுக்காகவே சீமையில் ஒரு சங்கம் கண்காட்சி நடத்துகிறது, தபாலிலும் அனுப்பலாம் என்று அதில் போட்டிருந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு மாதம் உட்கார்ந்து ஒரே ஒரு உருவம் செய்தார். டிராகன்மேல் யாளிமுக அரக்கன் சவாரி. டிராகனின் ஒவ்வொரு செதிலுக்கும் மூன்று பச்சை. "அங்க ஒருத்தன், ஒரே ஒருத்தன், இது கலைன்னு சொல்லிட்டாப் போதும் தபீ" என்றார். தபீதாளுக்கு எரிச்சலாக வந்தது. கலை என்று சொல்லாமல் சீமைக்காரர்கள் திருப்பி அனுப்பினால் இந்த ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு யார் சமாளிப்பது?

சங்கத்தின் படிவத்தில் வயது என்று ஒரு கட்டம் இருந்தது. கலைக்கு ஏது வயது என்று ஆபீஸ் வழக்கப்படி அதில் ஒரு கோடு போட்டுவிட்டார்.

பார்சலைத் தபாலாபீசுக்கு எடுத்துப்போனது ஒரு சனிக்கிழமை. வேடிக்கை பார்க்கத் தபீதாளும் கூடப் போனாள். கவுன்டரில் பொன்னுரங்கம். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பெட்டியைத் தள்ளி வைத்தான்.

"இன்னா சார் இது? சாமி சிலையா?"

"சாமியும் இல்லை, சிலையும் இல்லை. மினியேச்சர்."

"அப்டீன்னா? மூஞ்சி கீது, கை காலு கீது, ஈயமாட்டம் கனக்குது. பேப்பர் பாக்கறதில்லியா சார்? சிலைய கடத்திக்கினு போறானுங்கோன்னு ஊரே பேசுது. நாளைக்கு எவனாவது வந்து கேட்டா எனக்குப் பேஜாரு."

"நானே செஞ்சதுப்பா. போன மாசம் முடிச்சது."

"அத்தத்தான் அவனுங்களும் சொல்றானுங்கோ. பேசாம பொம்மைன்னு எழுதிடு சார். பொம்மைன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

எட்மண்டின் முகம் செத்துப்போயிற்று. அன்று அனுப்பாவிட்டால் கண்காட்சிக்குப் போய்ச் சேராது. "மினியேச்சர்னு போடக்கூடாதா?" என்று கெஞ்சினார். அந்த எழவு எந்த லிஸ்டிலும் இல்லை என்றான் பொன்னுரங்கம். பிறகு அவனே இரக்கப்பட்டு, குழந்தை விளையாட்டுப் பொம்மை என்று இங்கிலீஷில் நிரப்பினான். அவன் எழுதிய இங்கிலீஷை ஒரு குழந்தை செய்த பொம்மை என்றும் படிக்கலாம். தபீதாள் கவனித்தாள், திருத்தவில்லை. எட்மண்ட் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு வருஷமாக ஊரோடு சண்டை போட்ட மனிதர், சர்க்கார் காகிதத்தில் பொம்மை என்று ஒப்புக்கொண்டதைப் பார்க்கத் தபீதாளுக்குப் பண்டிகை மாதிரி இருந்தது. வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஜனவரியில் பதில் வந்தது. கெட்டியான காகிதம், சிவப்பு முத்திரை. ஜூனியர் பிரிவு, முதல் பரிசு, மாஸ்டர் எட்மண்ட் தேவானந்தம்.

"மாஸ்டர்!" என்று தெருவுக்கே கேட்கும்படி படித்தார் எட்மண்ட். "தையலுக்கு மாஸ்டர், டான்சுக்கு மாஸ்டர், இந்தக் கலைக்கு நான் மாஸ்டர். அவனே போட்டிருக்கான் பாரு. புதுசா சேர்ந்ததால ஜூனியர் பிரிவு. சீனியாரிட்டி எங்கயும் உண்டுதானே?"

தபீதாள் வாங்கிப் பார்த்தாள். ஒரு வினாடி போதும். பெரியவர்களுக்கு மிஸ்டர், சின்னப் பையன்களுக்கு மாஸ்டர். கடிதத்தின்மேல் விலாசம் எழுதும் பாடத்தில் வருஷாவருஷம் அவள் நடத்துவது. வயதுக் கட்டத்தில் கோடு, பார்சலில் குழந்தை செய்த பொம்மை. எட்மண்டை எவனோ ஒரு வெள்ளைக்காரன் பொடியன் என்று நினைத்து, முதுகில் தட்டிக் கொடுத்திருக்கிறான்.

அடுக்களைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்த வாக்கியம் கைக்கு வந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டின்போது, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொல்வதென்று தீர்மானித்தாள். சொன்னால் அலமாரி காலி. பீங்கான் சாமான்கள் இறங்கிவிடும்.

சாயங்காலம் எட்மண்ட் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தார். காகிதத்தில் சுற்றி எதையோ நீட்டினார். புதுக் குழம்புக் கரண்டி.

"இனிமே உன் கரண்டியத் தொட மாட்டேன் தபீ. ரொம்பப் பொறுத்துட்டே" என்றார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு கரண்டி. அதை மூஞ்சியிலேயே வீசியிருக்கவேண்டும். ஏனோ ரசம் முடிந்தது, மோரும் முடிந்தது, வாக்கியம் வாயைவிட்டு வரவில்லை. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சான்றிதழ் சட்டம் போட்டு முன்னறையில் தொங்கியது. தெருவே மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தது. சாமுண்டீஸ்வரி, "மாஸ்டர் சார்" என்று இரட்டிப்பு மரியாதை கொடுத்தாள். பொன்னுரங்கம் கவுன்டரிலிருந்தே சலாம் வைத்தான். எட்மண்ட் ரயிலில் ஜன்னலோரம் உட்காரும் தோரணையே மாறிவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை.

அடுத்த மாதம் பள்ளியில் விலாசம் எழுதும் பாடம் வந்தது. தபீதாள் அந்தப் பக்கத்தைத் தாண்டி அடுத்த பாடத்தைத் திருப்பினாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வரிகூட விட்டவளில்லை. முன்வரிசையில் சாமுண்டீஸ்வரியின் மகள் லோகநாயகி எழுந்து நின்றாள்.

"மிஸ், ஒரு பக்கம் விட்டுட்டீங்க. அதுல மாஸ்டர்னு இருக்கு மிஸ். அப்படின்னா என்ன மிஸ்? உங்க வீட்டு சார் மாதிரியா?"

நாற்பத்திரண்டு பெண்கள் பென்சிலோடு பார்த்தார்கள். அதில் ஆறு பேர் சிட்லபாக்கம். இங்கே சொன்னால் விஷயம் சாயங்காலம் நாலரைக்கு அந்தச் சான்றிதழ்ச் சட்டத்துக்குக் கீழே போய் நிற்கும்.

"ஆமா" என்றாள் தபீதாள். "கைவேலையில தேர்ந்தவங்களுக்குப் போடறது. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். அவள் தெரிந்தே சொல்லிக்கொடுத்த முதல் தப்பு அது. பரீட்சைக்கு வந்தால் அதற்கே மார்க்கும் போட்டாகவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அந்தப் பொம்மையெல்லாம் எடுங்க முதல்ல, ஈயமும் நாத்தமும்!" என்று கத்தினாள்.

"மினியேச்சர்" என்றார் மாஸ்டர், தலை நிமிராமல்.